அருகெறிதல்

எறிதல் இருவகைப்படும். தொலைவில் எறிதல் ஒன்று. அருகில் எறிதல் மற்றொன்று. தொலைவில் எறிபவரை ஊரார் அண்ணாந்து பார்க்கின்றனர், கைதட்டுகின்றனர். அருகில் எறிபவரை அவ்வளவாக எவரும் கவனிப்பதில்லை. ஆயினும், ஆட்டத்தின் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் முடிவு செய்வது அருகெறிதலே என்பதை, மாலைதோறும் ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று பார்த்துப் பழகிய நாம் துணிந்து கூறலாம்.

நாம் பேச எடுத்துக்கொண்டது வளையப்பந்து எனப்படும் டென்னிகாய்ட் ஆட்டத்தைப் பற்றி. இதனை நம் இல்லங்களில் அறியாதார் அரியர். தமிழ்நாட்டில் பெண்கள் பள்ளியில் பயின்ற தாய்மார் பலர் ஒருநாளேனும் அந்த ரப்பர் வளையத்தைக் கையில் பிடித்திருப்பர். ஆடுகளம் நாற்பது அடி நீளம், பதினெட்டு அடி அகலம். இக்கால அளவில் 12.2 மீட்டரும் 5.5 மீட்டரும் ஆகும். நடுவே ஒரு வலை. வளையத்தை ஒரு கையால் பிடிக்க வேண்டும். பிடித்த இடத்திலிருந்து, தாமதம் செய்யாமல், அதே கையால் திருப்பி எறிய வேண்டும். எறிவது போலப் பாவனை காட்டி எதிராளியை ஏய்த்தல் கூடாது. மட்டை இல்லை, பந்து இல்லை, காலணிகூட வேண்டுவதில்லை. இத்தனை எளிய ஆட்டம் வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

இதன் பிறப்பு நிலத்தில் அன்று, கடலில். பெருங்கப்பல்களில் வாரக்கணக்கில் பயணம் செய்தோர் பொழுது போக்குவதற்காகக் கப்பல் தளத்தில் கயிற்று வளையத்தை எறிந்து ஆடினர். பந்தென்றால் உருண்டு கடலில் விழும். வளையமோ விழுந்த இடத்திலேயே கிடக்கும். இந்த ஆட்டத்தை 1920-களில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் தரைக்குக் கொண்டுவந்தவர் ஹெர்மன் ஷ்னைடர் என்பவர். நம் நாட்டிலும் அது வேரூன்றித் தழைத்தது. 2006-ஆம் ஆண்டில் முதல் உலகப் போட்டி நடைபெற்ற இடம் நம் சென்னை மாநகரம். அடுத்தது 2010-இல் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரில் நடந்தது. கடல் தாண்டி வந்த ஆட்டம், ஊர் விட்டு ஊர் வந்த நம்மைப் போன்றோர்க்கு உகந்த ஆட்டமாக அமைந்ததில் வியப்பில்லை அல்லவா?

இங்கே கரக்பூரில் எங்கள் சங்கத்தின் பின்புறத்தில் அத்தகைய களம் ஒன்று இருக்கிறது. இப்பகுதியின் மண் செம்மண், சரளை கலந்தது. மழை பெய்து ஓய்ந்தால் அரைமணியில் ஆடத் தகுதியாகிவிடும். பழைய தண்டவாளத் துண்டுகள் இரண்டு கம்பங்களாக நிற்கின்றன. வலைக்கு இருபுறமும் மும்மூன்று அடி விட்டுச் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்திருக்கிறோம். அக்கோட்டுக்குள் விழும் வளையம் எறிந்தவருக்கே தவறாகும். கப்பல் தளத்து ஆட்டத்தில் உள்ள இவ்விதியை எங்கள் முன்னோர் விடாமல் வைத்திருந்தனர், நாங்களும் மாற்றவில்லை. அருகெறிதலின் அழகெல்லாம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. வலையைத் தாண்ட வேண்டும். கோட்டையும் தாண்ட வேண்டும். ஆனால் எதிராளியின் கை எட்டுமுன் மண்ணைத் தொட வேண்டும்.

இது எவ்வாறு கைகூடும்? தொலைவெறிதலில் தோளும் முழங்கையும் வேலை செய்கின்றன. அருகெறிதலில் அவை இரண்டும் அடங்கியிருக்க, மணிக்கட்டு ஒன்றே வேலை செய்கிறது. பழகாதவர் செய்யும் பிழை யாதெனில், அருகில்தானே விழ வேண்டும் என்று எண்ணிக் கையைத் தளரவிட்டு வளையத்தை மெல்லத் தள்ளிவிடுவது. அப்படித் தள்ளிய வளையம் காற்றில் தள்ளாடும், ஒருபக்கம் சாயும், வலையில் முட்டி விழும். பௌதிகம் நாம் பள்ளியிறுதி வரையே படித்தோம். ஆயினும் சுழலும் பம்பரம் நிமிர்ந்து நிற்பதும், சுழற்சி ஓய்ந்ததும் தலை சாய்வதும் யாவரும் கண்டதே. வளையத்துக்கும் அதே நியதிதான். வேகம் குறையலாம், சுழற்சி குறையலாகாது. கட்டைவிரல் மேலேயும் மற்ற விரல்கள் கீழேயும் இருக்க, வளையம் கையை விட்டு நீங்கும் கணத்தில் மணிக்கட்டைச் சொடுக்கினால், அது தட்டையாகச் சுழன்று எழும்பி, வலைக்கு மேலே ஒருகணம் நின்றாற்போல் தோன்றிப் பின் இறங்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பாவனை காட்டக் கூடாது என்பது விதி. எனவே எதிராளியை ஏமாற்ற வழியில்லை. ஆனால் அவர் முன்கூட்டியே அறிந்துகொள்ளாமல் இருக்க வழியுண்டு. தொலைவில் எறியும்போது நிற்கும் நிலையும் கை எடுக்கும் முறையும் எவையோ, அவையே அருகில் எறியும்போதும் இருத்தல் வேண்டும். கடைசிக் கணத்தில் மணிக்கட்டு மட்டுமே வேறுபட வேண்டும். உள்ளம் பதறினால் உடல் காட்டிக்கொடுத்துவிடும். கண் வலையருகே ஓடும், தோள் ஒடுங்கும், கால் ஓரடி முன்னே வரும். எதிரே நிற்பவர் பச்சைக் குழந்தையாயினும் கண்டுகொள்ளும்.

இக்கலையில் எங்கள் குடியிருப்பில் தேர்ந்தவர் ஓய்வுபெற்ற கார்டு ஒருவரின் மனைவியார். அறுபதை நெருங்கும் வயது. முழங்கால் வலியால் ஓட இயலாது. களத்தின் நடுவே, வலையிலிருந்து நான்கைந்து அடி தள்ளி நின்றுகொள்வார். கல்லூரி மாணவியர் இருவர் எதிர்ப்புறம் நின்று மூலைக்கு மூலை வேகமாக எறிவர். கைக்கு எட்டியதை மட்டும் பிடிப்பார். எட்டாததைப் பார்த்துச் சிரிப்பார். ஆனால் பிடித்த வளையம் ஒவ்வொன்றும் கோட்டுக்கு அப்பால் ஒரு சாண் தூரத்தில் போய் விழும். பின்னே நிற்கும் பெண்கள் முன்னே ஓடி வருவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். அவரிடம் கற்க வந்த சிறுமியரிடம் அவர் கூறுவது ஒரே ஒரு வாசகம்: "எறியாதே கண்ணு, கொண்டுபோய் வை." விளையாட்டு நூல்கள் பலவற்றைப் புரட்டினாலும் இதைவிடச் சுருக்கமாக இக்கலையைச் சொன்னவரை நாம் காணோம்.

ரயில்வேயில் பணிபுரிவோர்க்கு இதன் பொருள் விரைவில் விளங்கும். நூற்றுக்கணக்கான மைல் விரைந்து வந்த இஞ்சின், பெட்டியோடு இணைவதற்கு வரும்போது என்ன செய்கிறது? சற்றுத் தொலைவிலேயே ஒருமுறை நிற்கிறது. பின்பு, கீழே நிற்பவர் காட்டும் கொடியைப் பார்த்து, நடப்பவன் வேகத்தினும் மெதுவாக ஊர்ந்து வந்து தொடுகிறது. உள்ளே தூங்கும் குழந்தை விழிக்காமல் அதைச் செய்து முடிக்கும் ஓட்டுநரே கைதேர்ந்தவர் என்று யார்டில் பேசிக்கொள்வர். மெயில் வண்டியை விரைந்து ஓட்டியதற்காக அன்று, அந்தக் கடைசிச் சில அடிகளுக்காக.

அமெரிக்க நாட்டில் இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்ட ஆட்டம் ஒன்று உண்டு. தட்டெறி கோல்ப் என்று அதனைத் தமிழில் சொல்லலாம். நம் குடியிருப்பில் வளர்ந்து இப்போது கலிபோர்னியாவில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது அதைப் பற்றி விரிவாகக் கூறினார். அந்த மாநிலத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்த ஓக் குரோவ் பூங்காவில் 1975-ஆம் ஆண்டு எட் ஹெட்ரிக் என்பவர் இதற்கென முதல் நிலையான களத்தை அமைத்தார். மரங்களுக்கிடையே ஒரு தட்டை நெடுந்தொலைவு வீசிச் சென்று, முடிவில் ஒரு கூடையில் விழச் செய்ய வேண்டும். கூடைக்கு மேலே வட்டமாகச் சங்கிலிகள் தொங்கும். தட்டு அவற்றில் மோதி வேகம் தணிந்து கூடைக்குள் விழும். சங்கிலிக் கூடையும் அவர் அமைத்ததே. குறைந்த எண்ணிக்கை எறிதல்களில் முடிப்பவரே வென்றவர்.

இதில் நம் கருத்தைக் கவர்ந்தது ஒரு விதி. கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று எறிபவர், தட்டைக் கைவிட்ட பின்னும், தம் அடையாளத்தைத் தாண்டிக் காலை முன்வைத்தல் ஆகாது. தாம் நிலைகுலையாமல் நிற்பதைக் காட்டிய பின்னரே முன்னே நடக்கலாம். தொலைவிலிருந்து வீசும்போது ஓடிவந்து வீசலாம். வீசிய வேகத்தில் முன்னே செல்லலாம். அருகில் வந்துவிட்டால் அந்தச் சலுகை இல்லை. அருகெறிதலுக்கென்றே விளிம்பு மழுங்கிய, வேகம் குறைந்த தட்டு ஒன்றைத் தனியே வைத்திருப்பர். சிலர் மணிக்கட்டால் மிகுந்த சுழற்சி தந்து நேராகச் செலுத்துவர்; சிலர் சுழற்சியைக் குறைத்து, கால்களின் உந்துதலால் மெல்ல உயர்த்தி விழச்செய்வர். இரண்டும் ஏற்புடைய வழிகளே. எவ்வழியாயினும், நிலைத்து நில் என்பதே முதற்பாடம். முந்நூறு அடி வீசியதும் ஓர் எறிதல். மூன்றடியில் தவறியதும் ஓர் எறிதல். கணக்கில் இரண்டும் சமமே.

கணக்கு என்றதும் வேறொன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பேசுகின்றனர். தெருவில் வங்காளமும் தெலுங்கும் பேசுகின்றனர். வீட்டில் தமிழ் உண்டு; ஆனால் எண் என்று வந்தால் அவர்கள் நாவில் தமிழ் வருவதில்லை. கடைக்குப் போய்வந்த சிறுவனிடம் மீதி எவ்வளவு என்று கேட்டால் "இக்கீஸ்" என்பான், அல்லது "ஏகுஷ்" என்பான். இருபத்தொன்று என்று சொல்லத் தயங்குவான். பதினெட்டுக்கும் பத்தொன்பதுக்கும் வேறுபாடு அறியாத பிள்ளைகள் எத்தனையோ பேர். எங்கள் களத்திலோ, யாராயினும் புள்ளியைத் தமிழில்தான் கூவ வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். ஆட்டம் இருபத்தொரு புள்ளிக்கு. ஆகவே ஒவ்வொரு மாலையும் ஒன்று முதல் இருபத்தொன்று வரை தமிழ் எண்கள் அந்தச் செம்மண்ணில் உரக்க ஒலிக்கின்றன. பத்தொன்பதை அடைந்தவள் அதன் பெயரை மறப்பாளோ? தெலுங்கு வீட்டுச் சிறுமியரும் வங்காள வீட்டுச் சிறுமியரும்கூடப் "பதினேழு, பதினாறு" என்று பிழையின்றிக் கூவக் கேட்டிருக்கிறோம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். அந்தக் களத்தின் மேல் தகரக் கூரை வேய்ந்து வண்டி நிறுத்துமிடமாக்க வேண்டும் என்று ஒரு யோசனை சங்கத்தின் முன் இருக்கிறது. வரும் பொதுக்குழுவில் அது முடிவாக வேண்டும். யோசனை கூறியவர்கள் சங்கத்தின் நலம் நாடும் பெரியோர்களே. பொங்கல் விழா, நாடகம், இசைக் கச்சேரி ஆகிய நாட்களில் வண்டிகள் தெருவை அடைத்துக்கொள்வதும், அக்கம்பக்கத்தார் முகம் சுளிப்பதும் உண்மை. "ஆடுவது ஏழெட்டுப் பெண்கள், வண்டி வைப்போர் நூறு பேர்" என்பது அவர்கள் வாதம். எண்ணிக்கையில் அவ்வாதம் சரியே.

ஆனால் நாட்களையும் எண்ண வேண்டாவா? வண்டிகள் வருவது ஆண்டில் பத்துப் பன்னிரண்டு நாட்கள். பெண்கள் வருவது, மழை நாட்களும் கால்பைசாகிப் புயல் வீசும் மாலைகளும் நீங்கலாக, நாள்தோறும். ஆண்பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் ஆடப் பெரிய மைதானம் இருக்கிறது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய பெண்பிள்ளைக்கு, வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே, இக்குடியிருப்பில் வேறு எந்த இடம் இருக்கிறது? கைப்பேசியும் கட்டிலும் தவிர வேறில்லை. வளையம் வாங்கும் செலவோ, ஒரு குடும்பம் ஒருமுறை திரைப்படத்துக்குச் செல்லும் செலவுக்கும் குறைவு.

எங்கள் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுவது தகும் என எண்ணுகிறோம். எங்கள் மூத்த பெண் பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற ஆண்டு ஊரிலிருந்து பாட்டியார் தொலைபேசியில், "வயசுக்கு வந்த பெண்ணை இன்னுமா மைதானத்திலே விட்டிருக்கீங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் அன்பும் இருந்தது, அச்சமும் இருந்தது. எங்கள் வீட்டில் இரண்டு நாள் அதுவே பேச்சு. மூன்றாம் நாள் மாலை, பெண்ணை வீட்டில் நிறுத்துவதற்குப் பதிலாக, அவள் தாயாரே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினார். பள்ளிநாளில் பிடித்த வளையம். இருபது ஆண்டு இடைவெளி. முதல் வாரம் தோள் வலித்தது. பின்னர், கார்டு வீட்டு அம்மாளின் அருகே நின்று அருகெறிதலைக் கற்றார். பாட்டியாருக்குச் செய்தி போயிற்று: "பயப்படாதீங்க அத்தை. நானும் கூடத்தான் ஆடறேன்." மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "முழங்காலைப் பாத்துக்கோ" என்று மட்டும் விடை வந்தது.

இவ்வாண்டு பொங்கல் போட்டியில் தாயும் மகளும் இரட்டையர் ஆட்டத்தில் இணைந்து ஆடினர். மகள் பின்னே நின்று மூலைகளைக் காத்தாள். தாய் முன்னே நின்றார். முதல் ஆட்டம் இவர்களுக்கு, இரண்டாவது எதிரணிக்கு. மூன்றாவதில் எதிரணிக்கு இருபது, இவர்களுக்குப் பத்தொன்பது. வளையம் தாயின் கைக்கு வந்தது. எதிரே இருவரும் பின்னே ஒதுங்கியிருந்தனர். தொலைவில் எறிந்தால் பிடித்துவிடுவர்; அருகில் வைத்தால் புள்ளி. வைத்தார். வளையம் தட்டையாகச் சுழன்று வலையைத் தாண்டிற்று. ஆனால் சுண்ணாம்புக் கோட்டுக்கு உட்புறமாக, இரண்டு விரற்கடை தூரத்தில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது. தோற்ற தாயின் முகத்தைப் பார்த்து மகள் கூறினாள்: "சரியான எறிதாம்மா. நானா இருந்தா பயந்துபோய்ப் பின்னாடி எறிஞ்சிருப்பேன்." பதினைந்து வயதுப் பெண் தன் தாயை அவ்வாறு பாராட்டும் வாய்ப்பு எத்தனை இல்லங்களில் அமைகிறது?

பிழைப்பைத் தேடி ஆயிரம் மைல் தள்ளி வந்தவர்கள் நாம். நம் கருத்தெல்லாம் தொலைவெறிதலிலேயே இருக்கிறது. ஊரில் வாங்க வேண்டிய மனை, மகன் போக வேண்டிய வெளிநாடு, ஓய்வுக்குப் பின் திரும்ப வேண்டிய கிராமம் என்று கண்கள் வலைக்கு அப்பால் நெடுந்தொலைவில் நிலைத்திருக்கின்றன. அவை வேண்டுவனவே, குறை சொல்வதற்கில்லை. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில், நாற்பதடி நீளமுள்ள செம்மண் துண்டில், நம் பெண்மக்களுக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அருகில்தானே என்று தளரவிட்டால் அதுவும் வலையில் முட்டி விழும்.

ஆதலின் பொதுக்குழுவின் முன் நாம் வைக்க விரும்பும் ஏற்பாடு இது. தகரக் கூரை வேண்டா. கம்பங்களை மண்ணிலிருந்து எடுத்துப் பொருத்தும்படி இரும்புக் குழல் பதித்துவிடுவோம். விழா நாட்களில் வலையைச் சுருட்டி, கம்பங்களைக் கழற்றி, அங்கே வண்டிகளை நிறுத்தலாம். மறுநாள் காலை நிறுவி, சுண்ணாம்புக் கோட்டைப் புதுப்பிக்கலாம். இவ்வேலையைச் செய்ய எங்கள் இல்லத்தாரும் அண்டை இல்லத்தார் மூவரும் இப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறோம். மாலை ஐந்து முதல் ஏழு வரை தாய்மார் இருவர் முறை வைத்துக் களத்தில் இருப்பர். விளக்கு ஒன்று போட்டுத் தந்தால் குளிர்காலத்திலும் ஆட்டம் தடைப்படாது.

பிற ஊர்களில் உள்ள சங்கத்து அன்பர்களும் இதனை முயன்று பார்க்கலாம். கோட்டுக்கு அப்பால் ஒரு முறத்தை மல்லாக்க வைத்து, வலையின் இப்புறம் நின்று பத்து எறிதல் எறியுங்கள். எட்டு விழும்வரை ஓரடிகூடப் பின்வாங்க வேண்டா. எட்டு விழுந்த பின் ஓரடி பின்னே செல்லுங்கள். ஒரு திங்களில் கை படியும். பிள்ளைகள் எண்ணிக்கையைத் தமிழில் கூவட்டும்.

பொதுக்குழு கூடும் நாளில் தாய்மார்களும் தவறாது வரவேண்டும். கை உயர்த்தும்போது களத்தில் ஆடும் பெண்களும் அவ்விடத்தில் இருப்பது நலம். அவர்களுடைய களத்தைப் பற்றிய முடிவு, அவர்கள் கண்முன்னே எடுக்கப்படட்டும்.